ஆஸ்பத்திரி அறை, மௌனம்

எங்கள் தொடர் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு நிமிடம் ஓட வேண்டும். எழுத்தாளர் எழுதித் தருவது பதினைந்து நிமிடம். மீதி ஏழு நிமிடத்தை உண்டாக்குவது என் வேலை. நான் எடிட்டர்.

எப்படி உண்டாக்குகிறேன் என்று கேட்டால் சந்தோஷமாகச் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன். கூடத்தில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒருவர் ஓடி வந்து, "அவர் சாகல, உயிரோட இருக்காரு!" என்கிறார். எட்டு முகங்களையும் ஆளுக்கு நான்கு நொடி காட்டினால் முப்பத்திரண்டு நொடி ஆயிற்று. மாமியார் முகத்தை மட்டும் மூன்று பக்கத்திலிருந்து இடி ஓசையோடு காட்டினால் இன்னொரு பத்து. விளம்பரத்துக்குப் போய்த் திரும்பியதும் அந்த ஆள் மறுபடி ஓடி வந்து அதையே சொல்வார். எட்டு முகங்களும் மறுபடி திடுக்கிடும். ஒரு மனிதர் சாகாமல் இருந்ததில் எனக்கு ஒன்றரை நிமிடம் லாபம்.

இப்படி நொடி நொடியாகப் பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு லாட்டரி அடித்ததுபோல வந்து சேர்ந்தாள் கிரீடம்.

அந்த ஆண்டு நகர அழகிப் போட்டியில் கிரீடம் ஜெயித்தவள், அதனால் எங்களுக்கு அவள் பெயரே அதுதான். போட்டி முடிந்த மறுவாரமே சேனல் அவளை எங்கள் தொடரில் இரண்டாவது மருமகளாகப் போட்டுவிட்டது. முதல் நாள் அவள் வாசல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர வேண்டும். வந்தாள். இடது காலை அரை அடி முன்னே வைத்து நின்றாள். ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கம் ஒரு பார்வை. ஒன்று, இரண்டு, மூன்று. இடப்பக்கம் ஒரு பார்வை. பிறகுதான், "அத்தை, பால் பொங்கிடுச்சு" என்றாள்.

"யம்மா, பால் இந்நேரம் தெருவுக்கே போயிருக்கும்!" என்று இயக்குநர் கத்தினார்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நுழைவுக்கு ஒன்பது நொடி. ஒரு நாளில் நான்கு நுழைவு. உட்கார்ந்த இடத்திலேயே முப்பத்தாறு நொடி! இந்தப் பெண் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தினேன்.

அவளோடு அவள் அம்மாவும் வருவார். தையற்காரர். போட்டிக்கான எல்லா உடைகளையும் அவரே தைத்தாராம். இடுப்பில் ஊக்கு டப்பா ஒன்றைச் செருகிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். இயக்குநர் "ஆக்‌ஷன்" சொல்வதற்கு அரை நொடி முன்னால் அவர் குரல் வரும்.

"வயிறு!"

உடனே கிரீடத்தின் வயிறு உள்ளே போகும், தோள் பின்னே போகும், உதடு மேலே போகும். சுவிட்சைத் தட்டினால் மூன்று விளக்கு ஒன்றாக எரிவதுபோல. ஒரு வாரத்தில் லைட் போடுபவர்கூட அந்த அம்மாளை "வயிறம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

சிக்கல் அழுகைக் காட்சியில் வந்தது. கணவனுக்கு விபத்து என்று செய்தி வருகிறது. கிளிசரின் போட்டார்கள், கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. ஆனால் உதடு மட்டும் மேலே போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. அவள்மேல் தப்பில்லை. லென்ஸைக் கண்டால் சிரிக்க வேண்டும் என்று ஆறு வருடம் பழக்கியிருக்கிறார்கள். மேடையில் உதடு காய்ந்து பல்லில் ஒட்டாமல் இருக்கப் பல்லுக்குத் துளிக் களிம்பு தடவிக்கொள்வார்களாம். களிம்பு இல்லாவிட்டாலும் அவள் உதடு தானாகவே வழுக்கி மேலே ஏறிவிடும்.

அன்று இரவே பார்வையாளர்கள் சேனலுக்குப் போன் செய்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "புருஷன் மேல வண்டி ஏத்துனது இந்தப் பொண்ணுதானே?"

எழுத்தாளர் அதையே பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் அவளை வில்லியாக்கிப் பார்த்தார். மிரட்டும்போதும் அழகாகச் சிரித்தாள். கடைசியில் சேனல் மேடம் ஒரு முடிவுக்கு வந்தார். மேடம் பேசுவது எப்போதும் மருந்துச் சீட்டு மாதிரி சுருக்கமாக இருக்கும்.

"கோமால போட்டுடுங்க. ஐந்நூறாவது எபிசோட்ல அவ கதையை முடிச்சுடுங்க."

ஐந்நூறாவது எபிசோட் அடுத்த வெள்ளிக்கிழமை. அரங்கத்தில் ஆட்களை உட்கார வைத்து நேரடி ஒளிபரப்பு. அதில் கிரீடத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது. தொடரின் தலைப்புப் பாட்டை அவளே பாடுவாள் என்று சேனல் ஊரெல்லாம் விளம்பரம் செய்திருந்தது.

விளம்பரத்துக்காகச் சொன்னது என்றுதான் நானும் நினைத்தேன். அவள் ஒருநாள் என் எடிட்டிங் அறைக்கு வந்து, கதவருகே நின்று, மூன்று எண்ணி, வலமும் இடமும் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.

"எடிட்டர் சார், நான் நடிக்க வந்தவ இல்ல சார். பாட வந்தவ."

"அப்ப ஏம்மா அழகிப் போட்டிக்குப் போனீங்க?"

"ஸ்கூல்ல பாட்டு டீம்ல சேர்ந்தேன். 'நீ முன்னாடி நில்லு, பார்க்க நல்லாருக்கும். வாயை மட்டும் அசை'ன்னாங்க. அஞ்சு வருஷம் அசைச்சேன். பின்வரிசைல நின்னவங்க எல்லாம் பாடுனாங்க. ஜெயிச்சு பேர் வாங்கிட்டா யாராவது கேட்பாங்கன்னு நினைச்சேன் சார்."

இதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை இறக்கி வைக்க அவளுக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

திங்கட்கிழமை பாட்டுக்கு ஒத்திகைப் பதிவு. இசையமைப்பாளர் பொறுமைசாலி. பதிவறையில் கிரீடம் மைக் முன்னால் நின்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வயிறம்மா. "வயிறு!" என்றார். கிரீடம் பாடினாள். முதல் வரியின் நான்காவது சொல்லில் குரல் நூல்போல மெலிந்தது. ஐந்தாவது சொல் வெறும் காற்றாக வந்தது. ஆறாவது சொல் வரவே இல்லை. ஒன்பது தடவை பாடவைத்துப் பார்த்தார்கள்.

"குரல் இருக்கும்மா, காத்துதான் பத்தல" என்றார் இசையமைப்பாளர். "பரவால்ல. வேற ஒரு குரல் தேடிக்கறேன். வெள்ளிக்கிழமை நீங்க மேடையில வாயை மட்டும் அசைச்சா போதும்."

வாயை மட்டும் அசை. அவர் அறியாமல்தான் சொன்னார். கிரீடம் சிரித்தபடி தலையாட்டினாள்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக் காட்சி எடுத்தார்கள். இங்கே எங்கள் ஒலிப்பதிவாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குப் பெயர் காது. எந்த இடத்தில் படம் பிடித்தாலும், அந்த அறையின் மௌனத்தை இரண்டு நிமிடமாவது தனியாகப் பதிவு செய்துகொள்வார். மௌனத்தை எதற்குப் பதிவு செய்வது என்று கேட்பீர்கள். எந்த அறையும் முழு மௌனமாக இருப்பதில்லை. ஃபேன் ஓடும், எங்கோ தண்ணீர் சொட்டும், சுவரே லேசாக முனகும். நான் இரண்டு வசனத்துக்கு நடுவே ஓசையே இல்லாத வெற்றிடத்தைச் செருகினால், பார்க்கிறவர் டிவி கெட்டுவிட்டது என்று அதன் தலையில் தட்டுவார். அங்கே அந்த அறையின் சொந்த மௌனத்தைப் போட்டுவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கிழிந்த சட்டைக்கு அதே துணியில் ஒட்டுப் போடுவது மாதிரி.

அன்று கோமா நடிப்பில் கிரீடம் எல்லோரையும் அசத்திவிட்டாள். இமைகூட அசையவில்லை. "இப்பதான்யா இந்தப் பொண்ணு நடிக்குது!" என்றார் இயக்குநர். ஒரு கோணத்தில் எடுத்து முடித்ததும் மதியச் சாப்பாட்டுக்கு விட்டார்கள். கிரீடத்தால் எழ முடியாது. தலைக்கட்டு, மூக்குக் குழாய் எல்லாம் பசை போட்டு ஒட்டியிருந்தன. பிரித்தால் மறுபடி ஒட்ட ஒரு மணி நேரம் ஆகும். போர்வைக்குள் வயிறு எப்படி இருந்தால் என்ன என்று வயிறம்மாவும் சாப்பிடப் போய்விட்டார். காது, கட்டிலுக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவை ஓடவிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவரும் சாப்பிடப் போனார். உள்ளே கோமாவில் ஆள் இருப்பது அவருக்குத் தெரியும். கோமாவில் இருப்பவர் சத்தம் போட மாட்டார் என்று நம்பிவிட்டார். சீரியலில் ரொம்ப நாள் வேலை பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

திரும்பி வந்து பதிவை நிறுத்திப் பெயர் எழுதி எனக்கு அனுப்பினார்: "ஆஸ்பத்திரி அறை, மௌனம்."

வியாழக்கிழமை அந்த எபிசோடை வெட்டி ஒட்டினேன். ஒரு நிமிடம் நாற்பது நொடி குறைந்தது. எனக்குக் கவலையே இல்லை, கிரீடத்தின் அசையாத முகம் கையில் இருக்கிறதே! அதை அப்படியே ஒரு நிமிடம் நாற்பது நொடிக்கு நீட்டினேன். அடியில் காதின் மௌனத்தை விரித்தேன். கேட்டுப் பார்க்கவில்லை. மௌனத்தை யார் உட்கார்ந்து கேட்பார்கள்?

ஏழரை மணிக்கு எபிசோட் ஓடியது. ஏழு ஐம்பதுக்கு என் போன் அலறியது.

"யாரு பாடுனது?" என்றார் சேனல் மேடம்.

"எங்க மேடம்?"

"உங்க சீரியல்ல. பார்க்கறதில்லையா?"

அவசரமாகப் போட்டுப் பார்த்தேன். மூக்கில் குழாயோடு கிரீடத்தின் முகம். மூடிய உதட்டில், சொல்லவே வேண்டாம், அந்தச் சிரிப்பு. உதடு அசையவில்லை. ஆனால் எங்கிருந்தோ ஒரு குரல் எழும்பியது. தலைப்புப் பாட்டு. வாத்தியம் எதுவும் இல்லை, பின்னால் ஃபேன் மட்டும் மெல்லச் சுற்றியது. நான்காவது சொல் நிறைவாக வந்தது. ஐந்தாவது அதைவிட நிறைவாக வந்தது. ஆறாவது சொல் ஏறிய உயரத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாதி பயத்தில், பாதி பாட்டில்.

"அது... அவங்க ஆன்மா பாடுறது மேடம்" என்றேன். வாய்க்கு வந்தது அதுதான்.

மேடம் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். "நல்லாருக்கு. நானூறு போன் வந்துடுச்சு. அழுதுகிட்டே பேசறாங்க. அந்தப் பாடகியை நாளைக்குக் கூட்டிட்டு வாங்க."

அடுத்த போன் இசையமைப்பாளரிடமிருந்து. "எடிட்டரே, நான் நாலு நாளா குரல் தேடி அலையறேன், நீங்க எங்கேயிருந்துய்யா பிடிச்சீங்க?"

காதை அழைத்துக் கேட்டேன். அவர் தன் காதையே தான் பிடித்துக்கொண்டார். "அய்யோ, ரூம்ல அந்தப் பொண்ணு மட்டும்தாங்க இருந்துச்சு!"

வெள்ளிக்கிழமை காலை அரங்கத்தில் கிரீடத்தை நிறுத்திப் பாடச் சொன்னார்கள். சேனல் மேடம், இயக்குநர், இசையமைப்பாளர் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிரீடம் மைக் முன் வந்து இடது காலை முன்னே வைத்தாள். "வயிறு!" என்றது ஓரத்திலிருந்து குரல். பாடினாள். நான்காவது சொல்லில் நூல். ஆறாவது சொல் இல்லை.

"இவங்க இல்ல" என்றார் மேடம். "ஒரிஜினல் ஆளைக் கூப்பிடுங்க."

"நான்தான் மேடம் பாடுனேன்" என்றாள் கிரீடம். சிரிப்பு மாறவில்லை, அதனால் யாரும் நம்பவில்லை.

நான் அவளை என் அறைக்கு அழைத்துப் போய்த் திரையில் இரண்டு படங்களை மேலும் கீழுமாகப் போட்டேன். ஓசையை நாங்கள் கண்ணாலும் பார்ப்போம். சத்தம் பெரிதானால் கோடு தடிக்கும், சிறிதானால் மெலியும். நின்று பாடியது எலிவால் மாதிரி இருந்தது. படுத்துப் பாடியது பலாப்பழம் மாதிரி இருந்தது.

"ஒரே தொண்டை, ஒரே பாட்டு. எங்க வித்தியாசம்னுதாம்மா எனக்குப் புரியல" என்றேன். சொல்லிக்கொண்டே பேனா எடுக்க மேசை இழுப்பறையை இழுத்தேன். அது நான்கு விரற்கடை வந்து அவள் நாற்காலியில் இடித்து நின்றது.

கிரீடம் இழுப்பறையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தன் வயிற்றைப் பார்த்தாள்.

"சார், படுத்திருக்கறப்ப அம்மா இல்ல."

"அதனால?"

"வயித்தை விட்டுட்டேன் சார்."

விஷயம் அவ்வளவுதான். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அடியில் ஒரு தசை கீழே இறங்கி நுரையீரலுக்கு இடம் கொடுக்கும். அது இறங்கினால் வயிறு முன்னே நகர்ந்தாக வேண்டும். வயிற்றை இறுக்கிப் பிடித்தால், நாற்காலி மறித்த இழுப்பறைபோல மூச்சு கால்வாசி வந்து நின்றுவிடும். கால்வாசி மூச்சில் நான்கு சொல்தான் பாடலாம். ஆறு வருடமாக அவள் ஒரு நாளும் முழு மூச்சு விட்டதில்லை.

அவள் எழுந்து நேராக இயக்குநரிடம் போனாள். "சார், நான் படுத்துக்கிட்டே பாடட்டுமா?"

இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். திறந்தபோது கண்ணில் கட்டில் தெரிந்தது. "ஆஸ்பத்திரிக் கட்டிலை அப்படியே மேடைக்குத் தள்ளிட்டு வர்றோம். நீ படுத்துப் பாடு. நேத்து பாடுன அதே ஆன்மா. கடைசி வரி முடியறப்ப ஹார்ட் மெஷின் 'டீ...'ன்னு நிக்கும். உன் கேரக்டர் குளோஸ். ஜனம் கதறிடும்!"

"சாகணுமா சார்?"

"ஐந்நூறாவது எபிசோட்ல சாகக் கொடுத்து வச்சிருக்கணும்மா."

கிரீடம் சிரித்தாள். அவள் எதற்குச் சிரிக்கிறாள் என்பது வழக்கம்போல யாருக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் நேரடி ஒளிபரப்பில் நான் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். எதிரே நான்கு கேமராக்களின் படம். எதைத் தட்டுகிறேனோ அது வீடுகளுக்குப் போகும். வயிறம்மா மேடை ஓரத்தில் காதின் பக்கத்தில் முக்காலியில் இருந்தார். தொளதொளவென்ற ஆஸ்பத்திரிச் சட்டையில் மகளை அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. போர்வைக்குள் யார் பார்க்கப் போகிறார்கள் என்று எவ்வளவோ சொல்லியும், முதுகுப்பக்கம் பதினோரு ஊக்கு குத்தி இடுப்பைப் பிடித்துவிட்டிருந்தார்.

கட்டில் உருண்டு வந்தது. விளக்கு இறங்கியது. கிரீடம் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தாள். முதல் மூச்சிலேயே மைக்கில் "டிக்" என்று ஒரு சத்தம் வந்தது. ஊக்கு ஒன்று விட்டுக்கொண்டது. இரண்டாவது மூச்சில் "டிக், டிக்." அப்புறம் குரல் வந்தது. புதன்கிழமை வந்த அதே குரல், இப்போது வாத்தியங்களோடு. அரங்கத்தில் இருமிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்தினார்.

இரண்டாவது சரணத்துக்கு முன்னால், முதல் வரி திரும்ப வரும் இடத்தில் அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏய், திறக்கக் கூடாது!" என்று இயக்குநர் என் காதருகே கத்தினார். அவள் மூக்குக் குழாயைப் பிடுங்கிப் போட்டாள். போர்வையை விலக்கினாள். எழுந்து நின்றாள். "யாருய்யா இந்தப் பொண்ணை எழுந்திரிக்கச் சொன்னது? இப்ப எப்படிச் சாகும்?"

மேடையில் காலை முன்னே வைக்கவில்லை. மூன்று எண்ணவில்லை. இரண்டு பாதத்தையும் அகட்டி, மூட்டை தூக்கப் போகிறவர்போல நின்றாள். நான் ஓரத்துக் கேமராவைப் பார்த்தேன். வயிறம்மா முக்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார். "வயிறு!" என்று அவர் உதடு அசைந்தது.

கிரீடம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவளை எத்தனையோ மணி நேரம் திரையில் பார்த்தவன். முதல் முறையாக அந்த உதடு கீழே இறங்கியது. பிறகு மூச்சை இழுத்தாள். மிச்சமிருந்த எட்டு ஊக்குகளும் மத்தாப்பு மாதிரி வெடித்தன. சட்டை விரிந்தது, வயிறு முன்னே வந்தது. குட்டி வயிறுதான், ஆனால் ஆறு வருடம் கழித்து வெளியே வருகிறதே! அந்த ஆறாவது சொல் அரங்கத்தின் கடைசி வரிசை வரை போய்ச் சுவரில் தட்டித் திரும்பியது.

காது தன் ஹெட்போனைக் கழற்றி வயிறம்மாவின் தலையில் மாட்டிவிட்டார். அவர் அதைக் கழற்றப் போனார். கை பாதியில் நின்றது. பாட்டு முடியும் வரை அப்படியே நின்றார். காதின் மைக் வழியாக அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"வயிறு... சரி, இருந்துட்டுப் போகட்டும்."

கடைசி வரி முடிந்தது. மெஷின் பக்கத்தில் இருந்த உதவியாளர் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவர். "டீ..." என்று போட்டார். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து நின்று பாடியவளை மெஷின் சொல்லி யார் சாகடிக்க முடியும்? ஊரே பார்த்துவிட்டது. எழுத்தாளர் தலையில் கை வைத்தார். சேனல் மேடம் இரண்டே சொல் சொன்னார்.

"உயிரோட இருக்கட்டும்."

அதற்குப் பிறகு தொடரில் இரண்டாவது மருமகளுக்கு அழுகைக் காட்சியே கிடையாது. துக்கம் வந்தால் பாடுவாள். வாரம் ஒரு பாட்டு வருகிறது. வயிறம்மா இப்போதும் முக்காலியில் உட்காருகிறார். ஊக்கு டப்பாவும் இருக்கிறது. இப்போதெல்லாம் அதைக் கொண்டு மாமியாராக நடிப்பவரின் இடுப்பைத்தான் பிடிக்கிறார். காது எந்த மௌனத்தையும் முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறார். எனக்குச் சரிகட்ட முடியாத ஒரு நஷ்டம் மட்டும் உண்டு. கிரீடம் இப்போது கதவைத் திறந்தால் நேராக உள்ளே வந்து, "அத்தை, பால்!" என்று கத்திவிடுகிறாள். ஒரு நாளைக்கு முப்பத்தாறு நொடி போயிற்று. அதை ஈடுகட்ட இன்னொரு மனிதரைச் சாகாமல் இருக்க வைக்க முடியுமா என்று எழுத்தாளரிடம் கேட்டிருக்கிறேன்.